உங்கை, இஞ்சை, அங்கை

“என்ரை பிள்ளை களவா ஓடுற பிள்ளை இல்லை. அதை முதலிலை எழுதுங்கோ.”

கமலாவதி கதிரையின் நுனியில் இருந்தார். சேலைத் தலைப்பு மழையில் நனைந்திருந்தது. மடியில் ஒரு துணிப்பை. அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

வாகீசன் எதையும் எழுதவில்லை. சுன்னாகம் சந்தைக்குப் பின்னால், தையல்கடை ஒன்றுக்கு மேலே அவன் அலுவலகம். வெளிநாட்டு மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்துச் சொல்வதுதான் அங்கே நடக்கும் தொழில். குடிப்பவனா, முன்னமே கட்டியவனா, சொன்ன வேலை உண்மையா. மகளைத் தேடி ஒரு தாய் அந்தப் படியேறியது இதுதான் முதல் தடவை.

“எப்ப வெளிக்கிட்டவ?”

“காலமை. மதுராவோடை யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போறன் எண்டவள் கஜானி. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரேல்லை. போன் வேலை செய்யேல்லை. பொலிஸ் நாளைக்கு வந்து பார்க்கட்டாம்.”

“மதுரா?”

“கூடப் படிச்ச பிள்ளை. நான் எடுக்க எடுக்க அவளும் போனைத் தூக்கிறாள் இல்லை.”

“கீழை வான் நிக்குது. ஆர் கூட வந்தது?”

“எங்கடை கோபி. கோபிசங்கர். பக்கத்து வளவுப் பெடியன். மத்தியானம் தொடக்கம் என்னோடைதான் அலையுது, பாவம்.” குரலைத் தாழ்த்தினார். “ஆனா இதை அவனுக்கும் காட்டேல்லை. ஊருக்குத் தெரியக்கூடாது, தம்பி.”

பையிலிருந்து ஒரு ரப், கையகலக் கணினி, வெளியே வந்தது.

“போனும் இதும் அவளுக்கு ஒண்டுதான். ரெண்டிலையும் மாறி மாறி நோண்டிக்கொண்டிருப்பாள். ஒருக்கா எட்டிப் பார்த்தன். ஆரோ றஜிந்தன் எண்டு கிடந்தது.”

உதயகலா ரப்பை வாங்கினாள். வாகீசனின் உதவியாளர். முன்பு ரியூசன் ரீச்சர். பிள்ளைகளுக்குப் பகிடி விட்டே பாடத்தை முடிக்காமல் விடுகிறார் என்று பெற்றோர் முறையிட்டதால் இங்கே வந்து சேர்ந்தவள்.

“அன்ரி, உங்கடை மோளுக்கு இதுக்குள்ளை மூண்டு வீடு,” என்றாள். “வைபர் சொந்தக்காரருக்கு. ரொறன்ரோ, பாரிஸ் எண்டு இருக்கிற சனம் முழுக்க இதிலை பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லுது. பேஸ்புக் சிநேகிதருக்கு. ஊர், பள்ளிக்கூடம், ரியூசன். மூண்டாவது ஹாய்லோ. அது புது ஆக்களைப் பிடிக்கிறதுக்கு.”

“தெரியாத ஆக்களோடை என்ன கதை?”

“தெரிஞ்ச ஆக்களிட்டைச் சொன்னா அடுத்த நாள் ஊர்ச் சங்கக்கடைவரைக்கும் போயிடும், அன்ரி. தெரியாதவனிட்டைச் சொல்லுறதுதான் பத்திரம் எண்டு நினைக்குதுகள். எங்கடை சேரைப் பாருங்கோ, ஒண்டிலையும் இல்லை. அவருக்குச் சிநேகிதம் எண்டா நான் ஒராள்தான். அதுவும் சம்பளத்துக்கு.”

வாகீசன் சிரிக்கவில்லை. அவனுக்கும் ஒரு பேஸ்புக் பக்கம் இருந்தது. மனைவி இறந்த பிறகு அதைத் திறக்கவில்லை. அதில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் வீட்டை போங்கோ அன்ரி,” என்றான். “பிள்ளை திரும்பி வந்தா வீட்டிலை ஆள் நிக்கவேணும். ரப் என்னட்டை இருக்கட்டும்.”

அவரைக் கீழே கூட்டிப்போனான். வானருகே நின்றவனுக்கு முப்பது வயது இருக்கலாம். ஒட்டிய முகம். குடையை ஓடிவந்து கமலாவதிக்குப் பிடித்தான்.

“ஏதும் தெரிஞ்சுதோ அண்ணை?”

“இன்னும் இல்லை.”

“ரவுண் பக்கம் தேடினா நல்லம். அங்கைதானே போனவள். நான் டீசல் அடிச்சுக்கொண்டு அன்ரியைக் கொண்டுபோய் விடுறன்.”

வான் போயிற்று. வாகீசன் படிகளில் ஓடி ஏறினான்.

உதயகலா ரப்பைத் திறந்து வைத்திருந்தாள். றஜிந்தனின் படத்தில் பனி மூடிய கார் ஒன்றும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவனும் இருந்தார்கள். ஊர் ரொறன்ரோ. பிறந்தது யாழ்ப்பாணம். பொழுதுபோக்கு, உண்மையாக இருத்தல்.

“உண்மையாய் இருக்கிறதைப் பொழுதுபோக்கா வைச்சிருக்கிறான், சேர். முழுநேரமாச் செய்ய ஏலாது போல.”

“வாசியும்.”

இருவரும் ஆங்கில எழுத்தில் தட்டிய ஊர்த் தமிழ். ஆவணியில் தொடங்கியிருந்தது. சாப்பிட்டாச்சோ, என்ன பாட்டுப் பிடிக்கும், வேலை எப்பிடி. கஜானிக்கு எழுதப் பிடித்திருந்தது. வீட்டில் பேசாததையெல்லாம் அவனுக்கு எழுதியிருந்தாள். தாய் பேசும் கலியாணங்களைப் பற்றி. தான் கொழும்புக்குப் போய்ப் படிக்க நினைப்பதைப் பற்றி. பெரியம்மாவைப் பற்றிச் சில கடுமையான வசனங்கள்.

“உங்கை குளிரோ?” என்று கேட்டிருந்தாள்.

“ஓம், இஞ்சை சரியான குளிர். உங்கை மழையோ?” என்று அவன்.

யாழ்ப்பாணத்தான் இடத்தை மூன்றாகப் பிரிப்பான். பேசுபவன் இருப்பது இஞ்சை. கேட்பவன் இருப்பது உங்கை. இருவரும் இல்லாதது அங்கை. பொருளுக்கும் அப்படியே. இந்த, உந்த, அந்த. இதை யாரும் படித்து வருவதில்லை. பேசத் தொடங்கும்போதே வந்துவிடும்.

மார்கழியில் வாகீசனின் விரல் நின்றது.

கஜானி எழுதியிருந்தாள்: “விடியவெள்ளண நித்திரை இல்லை. திருவெம்பாவைக்கு லவுட்ஸ்பீக்கர் போட்டு உயிரை எடுக்கினம்.”

றஜிந்தன் எழுதியிருந்தான்: “இந்தக் கோயில்காரருக்கு ஆர் சொல்லுறது.”

“திரும்ப வாசியும்.”

“இந்தக் கோயில்காரருக்கு…” உதயகலா நிறுத்தினாள். “உந்தக் கோயில்காரர் எண்டெல்லோ வரவேணும். ஸ்பீக்கர் இருக்கிறது கஜானியின்ரை ஊர் பண்டத்தரிப்பிலை. இவன் இருக்கிறது ரொறன்ரோவிலை.”

“ஓம்.”

“சேர், பொறுங்கோ. இங்கிலிஸ் எழுத்திலை தட்டினது. கீபோட்டிலை யூவும் ஐயும் பக்கத்துப் பக்கத்து வீடு. விரல் வேலி பாய்ஞ்சிருக்கும்.”

“இருக்கலாம். கீழை போம். அதுக்குப் பிறகு கஜானி என்ன எழுதினவ எண்டு பாரும்.”

அவள் கீழே தள்ளினாள்.

“அங்கை ஸ்னோ கொட்டுதாம். நியூஸிலை சொன்னது.”

“அங்கை இப்ப என்ன நேரம்?”

“அங்கை கடையள் பூட்டியிருக்குமே.”

உதயகலா திரையிலிருந்து தலையை எடுத்தாள். முகத்தில் பகிடி இல்லை.

“உங்கை எண்டு எழுதிக்கொண்டிருந்த பிள்ளை அங்கை எண்டு மாறீட்டாள்.”

“யூவுக்குப் பக்கத்திலை ஏ இல்லை. திரும்பத் திரும்பப் பிழை விடவும் மாட்டா. ரொறன்ரோ அவவுக்கு அங்கை. எண்டா என்ன கருத்து?”

“நானும் அங்கை இல்லை. நீயும் அங்கை இல்லை.”

“ஓம். அந்த ஒரு ‘இந்த’ அவவின்ரை காதிலையும் விழுந்திட்டுது. அவன் அந்த ஸ்பீக்கர் கேக்கிற தூரத்திலை இருக்கிறான் எண்டு கஜானிக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கதைச்சிருக்கிறா.”

“அப்ப இவள் ஏமாந்த பிள்ளை இல்லையே, சேர்.”

“இல்லை. மிச்சத்தை வாசியும்.”

மிச்சம் அசிங்கமாக இருந்தது. பதில்கள் குறைந்ததும் றஜிந்தனின் குரல் மாறியிருந்தது. படம் கேட்டிருந்தான். அவள் மறுத்தாள். அடுத்த வரி: “அப்ப உந்தக் கதை முழுக்க உம்மடை வைபர் குறூப்பிலை கிடக்கும். பெரியம்மாவைப் பற்றி எழுதினதும் சேர்த்து. அம்மா முதலிலை வாசிக்கட்டும்.”

உதயகலா ரப்பை மேசையில் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

“ஒரு வீட்டுக் குப்பையை மற்ற வீட்டு வாசலிலை கொட்டுவனாம்.”

கஜானி உடனே பதில் எழுதவில்லை. அடுத்த நாள் எழுதியிருந்தாள். படம் வேண்டாம், நேரில் வாரும். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஊருக்கு வருவேன் என்று சொன்னீரே. அவன் கொஞ்சம் இழுத்துவிட்டு, வந்திறங்கிவிட்டேன் என்றான். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு கூல்பார். இடத்தைச் சொன்னது கஜானி. நாளைச் சொன்னதும் கஜானி. அந்த நாள் இன்று.

கடைசி வரி காலையில் அவள் அனுப்பியது. “பஸ்ஸுக்கு நிக்கேல்லை. நேரத்துக்கு வந்திடுவன்.”

பார்த்ததற்கு அடையாளம் இருந்தது. பதில் இல்லை. பிறகு ஒன்றும் இல்லை.

“பொறி வைச்சிருக்கிறா,” என்றான் வாகீசன். “தனிய வைச்சிருக்கமாட்டா. மதுராவைப் பிடியும்.”

“தாய் எடுத்தே தூக்கேல்லை.”

“தாய் எண்டபடியாத்தான் தூக்கேல்லை.”

உதயகலா கஜானியின் பேஸ்புக் நண்பர்களில் மதுராவைத் தேடி எடுத்தாள். தன் பெயரையும் இலக்கத்தையும் போட்டு ஒரு வரி அனுப்பினாள். ‘கஜானி வீட்டிலும் இல்லை.’ அடுத்த நிமிடமே அழைப்பு வந்தது. மறுபக்கம் மதுரா அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, அவள் இன்னும் வரேல்லை. நாங்கள் எல்லாரும் இஞ்சைதான். பள்ளிக்கூட நெற்போல் ரீம் முழுக்க. மேசைக்கு ஒராளாப் பிரிஞ்சு இருக்கிறம். அவன் வந்தா படம் எடுத்துப் பிடிச்சுக் குடுக்கிறது எண்டு பிளான்.”

“ஆரும் வந்தவையோ?”

“ஒரு ஐயா வந்தவர். பலூடா குடிச்சிட்டுப் போட்டார்.”

“அவரை விடுங்கோ. ஏன் கஜானியின்ரை அம்மாக்குச் சொல்லேல்லை?”

“அம்மாக்குத் தெரிஞ்சா அந்தக் கதையெல்லாம் வாசிப்பா எண்டு சத்தியம் வாங்கினவள், அக்கா.”

வாகீசன் ஏற்கனவே தலைக்கவசத்தை எடுத்திருந்தான்.

உதயகலாவின் ஸ்கூட்டி ஒழுங்கைகளால் பாய்ந்தது. அவள் ஓட்டினாள். அவன் பின்னால் இருந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. சிவப்புச் சேறு முழங்கால்வரை அடித்தது.

“சேர், பஸ்ஸுக்கு நிக்கேல்லை எண்டா ஆரின்ரையோ வாகனத்திலை ஏறியிருக்கிறாள்.”

“ஓம்.”

“அவன் வந்து ஏத்தியிருப்பான்.”

“கள்ளனைப் பிடிக்கப் போற பிள்ளை. தெரியாதவன் வந்து நிப்பாட்டினா ஏறுவாவோ?”

ஸ்கூட்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. உதயகலா திரும்பிப் பார்க்க முயன்றாள்.

“முன்னாலை பாரும்.”

“தெரிஞ்சவன் எண்டுறியள்.”

“அவ புது ஆளைத் தேடினா. எங்கடை ஆக்களிலை தேடேல்லை.”

பண்டத்தரிப்புச் சந்தியில் பஸ் தரிப்புக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. முதலாளி பொன்னம்பலம் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மடித்துக் கட்டிய சாரம். சந்தியில் நடப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பதை முகமே சொன்னது.

“கமலாவதியின்ரை பெட்டையைத் தேடுறியளோ? காலமை உதிலைதான் நிண்டது. இதை எத்தினை பேருக்குத்தான் சொல்லுறது.”

“மற்றவை என்ன கேட்டவை?”

“புது ஆள் ஆரும் வந்தவையோ, தெரியாத வாகனம் நிண்டதோ எண்டு. ஒண்டும் வரேல்லை. இல்லாததை இருக்கெண்டு சொல்லேலுமோ?”

“தெரிஞ்ச வாகனம்?”

பொன்னம்பலம் துணியை நிறுத்தினார்.

“அது… எங்கடை கோபியின்ரை வானிலைதானே ஏறிப்போனது. அதையும் ஒருத்தரும் கேக்கேல்லை. பக்கத்து வீட்டுப் பெடியன், ரவுணுக்குப் போற வழியிலை ஏத்திக்கொண்டு போறான். அதிலை சொல்ல என்ன கிடக்கு?”

உதயகலா போனைக் கையில் எடுத்தாள்.

வாகீசன் தெருவைப் பார்த்தான். அன்ரியைக் கொண்டுபோய் விடுகிறேன் என்றவன் கோபிசங்கர். கீழே குடை பிடித்தவன். கமலாவதியை அந்த வானில் ஏற்றி, கதவைச் சாத்திவிட்டவன் வாகீசன்தான்.

“சேர், தாயும் இப்ப அவனோடை.”

“தெரியும்.”

“பொலிஸுக்கு அடிக்கிறன்.”

“அடியும். ஆனா அவை வரமுந்தி அவன் வந்திடுவான். டீசல் கியூவிலை நிண்டபடியா நாங்கள் முந்தீட்டம்.”

“வந்தா இழுத்து இறக்குவம்.”

“இறக்கினா வாய் திறக்கமாட்டான். ரவுணிலை இறக்கிவிட்டனான் எண்டுவான். கஜானி எங்கை கிடக்கிறா, மூச்சு விடுறாவோ எண்டு எங்களுக்குத் தெரியாது. அவன் தன்ரை காலாலையே காட்டவேணும்.” ரப்பை நீட்டினான். “இது எங்களிட்டை இருக்கிறது அவனுக்குத் தெரியாது. தாய் காட்டேல்லை. உம்மடை போனிலை இருந்து இன்ரநெற் குடும்.”

“என்ன எழுத?”

“றஜிந்தனுக்குக் கஜானி எழுதிற மாதிரி எழுதும். தப்பீட்டன் எண்டு.”

உதயகலா தட்டினாள். வாகீசன் அவள் தோளுக்கு மேலால் வாசித்தான். ‘இஞ்சையிருந்து வெளியிலை வந்திட்டன். இது வேறை ஆளின்ரை போன். பொலிஸுக்குப் போறன்.’

“இஞ்சை இல்லை. தப்பினவள் பிறகும் அதுக்குள்ளையே நிப்பாளோ?”

“அப்ப உங்கையிருந்து.”

“உங்கை எண்டா அவன் அந்த இடத்திலை நிக்கிறான் எண்டாகும். அவன் வானிலை. அங்கை எண்டு போடும். பிழையாப் போட்டா அவனுக்கும் காது இருக்கு.”

அவள் திருத்தினாள். அனுப்பவில்லை. விரல் திரைக்கு மேலே நின்றது.

“தாய் பக்கத்திலை இருக்கிறா, சேர். இதைக் கண்டிட்டு அவவை ஏதும் செய்தான் எண்டா?”

வாகீசன் வளைவுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

“வீதியிலை ஒண்டும் செய்யமாட்டான். இப்பவும் எல்லாருக்கும் அவன் நல்ல பெடியன். அதைக் கடைசிமட்டும் விடமாட்டான்.”

வளைவில் வெள்ளை வான் தெரிந்தது. முன் இருக்கையில் கமலாவதி. பொன்னம்பலத்தின் கடை மறைப்பில் இருவரும் ஒதுங்கினார்கள்.

“அனுப்பும்.”

வான் வந்துகொண்டிருந்தது. சந்தியைத் தாண்டப் பார்த்தது. பிறகு இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. கோபிசங்கர் குனிந்து கையில் எதையோ பார்ப்பது கண்ணாடியூடாகத் தெரிந்தது. கமலாவதி அவனிடம் ஏதோ கேட்டார். அவன் நிமிரவில்லை. கண்ணாடித் துடைப்பான் இங்கும் அங்கும் போய்வந்தது.

“யோசிக்கிறான்,” என்றாள் உதயகலா. “யோசிச்சான் எண்டா முடிஞ்சுது.”

வான் சற்றுப் பின்வாங்கியது. திரும்பியது. வந்த வழியே, சண்டிலிப்பாய்ப் பக்கம் பறந்தது.

வாகீசனும் உதயகலாவும் பிரதான வீதியில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்தபடி தொடர்ந்தார்கள். சண்டிலிப்பாயில் வான் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண் ஒழுங்கைக்குள் இறங்கியது. உதயகலா வேகத்தைக் குறைத்து, பனைவரிசையோடு ஒட்டிப் போனாள். தோட்டத்துக் கடைசியில் புகையிலையைப் புகைபோட்டு உணத்துகிற கொட்டில் ஒன்று. சுற்றிவர மண்சுவர், யன்னல் இல்லை. போகம் இல்லாத காலத்தில் அங்கே ஒருவரும் வருவதில்லை. கதவில் ஆமைப்பூட்டு.

கோபிசங்கர் வானிலிருந்து குதித்து ஓடினான். பூட்டைத் தொட்டுப் பார்த்தான். பூட்டு பூட்டியபடியே இருந்தது. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்போதும் அவனுக்கு விளங்கவில்லை. திறந்து உள்ளே போனான்.

வாகீசன் வாசலை அடைந்தபோது உள்ளே இருட்டும் பழைய புகை மணமும். நடுத்தூணில் கஜானி. கைகள் பின்னால் கட்டியிருந்தன. வாயில் சால்வை. கண்கள் திறந்திருந்தன.

அவளைப் பார்த்தபடி கோபிசங்கர் நின்றான். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தான். பிறகு திரும்பினான்.

“விட்டிட்டு வெளியிலை வாரும், கோபி,” என்றான் வாகீசன்.

சுவரில் புகையிலை வெட்டுகிற கத்தி செருகியிருந்தது. அவன் கை அதற்குப் போன வேகம் வாகீசன் எதிர்பாராதது. கத்தி கஜானியின் கழுத்தோரம் வந்தது.

“கிட்ட வராதேங்கோ அண்ணை. நான் ஒண்டும் செய்ய நினைக்கேல்லை. சும்மா கதைச்சனான். நேரிலை எண்டா என்னோடை ரெண்டு சொல்லுக்கு மேலை கதைக்கமாட்டாள். கோபி அண்ணை, கோபி அண்ணை எண்டு… அவனோடை மட்டும் விடிய விடியக் கதைச்சாள்.”

“அவன் எண்டு ஒருத்தன் இல்லை.”

“அவனும் நான்தானே!”

கத்தி இன்னும் கிட்டப் போனது. வாகீசன் அசையவில்லை. பின்னால் உதயகலாவின் மூச்சு அவன் முதுகில் பட்டது. கஜானியின் கண்கள் இருவரையும் தாண்டி, திறந்த கதவூடாக வெளியே நிலைத்திருந்தன.

அப்போது வானின் ஹோர்ன் அலறியது. விட்டு விட்டு இல்லை. ஒரே இழுவை. வான் கதவைத் திறந்து இறங்கப்போன கமலாவதி, உள்ளே மகளைக் கண்டிருந்தார். சாரதி இருக்கைக்குச் சரிந்து, இரண்டு கையாலும் ஹோர்னை அழுத்தியபடி கத்திக்கொண்டிருந்தார். அந்தத் தாய் என்ன கத்தினார் என்று யாருக்கும் கேட்கவில்லை. தோட்டங்களில் நின்றவர்கள் மண்வெட்டியோடு நிமிர்ந்தார்கள். ஓடிவரத் தொடங்கினார்கள்.

நல்ல பெடியனைச் சனம் பார்க்க வருகிறது. கோபிசங்கர் ஒரு கணம் வாசல் பக்கம் பார்த்தான்.

அது போதும். வாகீசன் மணிக்கட்டைப் பிடித்துத் தூணில் அடித்தான். கத்தி விழுந்தது. கோபிசங்கர் திமிறி எழும்ப, உதயகலாவின் தலைக்கவசம் அவன் காதோரம் இறங்கியது. அவன் தரையில் இருந்துவிட்டான்.

“பின்னுக்கு இருக்கிறவரும் ஹெல்மெட் போடவேணுமெண்டு சட்டம் இருக்கு, சேர்,” என்றாள் மூச்சு வாங்க. “ரெண்டாவது தேவைப்பட்டா உங்கடையைத் தாங்கோ.”

சால்வையை அவிழ்த்தபோது கஜானியின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“வானிலை ஏறி இருந்துகொண்டு அவனுக்கு மெசேஜ் போட்டன். நேரத்துக்கு வந்திடுவன் எண்டு. போட்ட உடனை கோபி அண்ணையின்ரை போன் கிணுங்கிச்சுது. நான் அதைப் பார்த்தன். நான் பார்த்ததை அவர் பார்த்தார்.” சுவரோடு இருந்தவனை அவள் பார்க்கவில்லை. “அந்தக் கோயிலடியிலை இருக்கிற ஆரோ எண்டு தெரியும். ஒவ்வொரு ஆளா நினைச்சுப் பார்த்தனான். புதுசா வந்த மேசன்மார், கடைக்கு வந்த பெடியன், எல்லாரிலையும் கவனமா இருந்தனான். இவரை நினைக்கவே இல்லை.”

கமலாவதி உள்ளே வந்தார். மகளின் கையில் கயிறு பதிந்த இடத்தைத் தடவினார். தடவிக்கொண்டே கேட்டார்.

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

வெளியே சனம் கூடிக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் பொலிஸ் வாகனத்தின் சத்தம் கேட்டது.

கோபிசங்கர்தான் சொன்னான். காதைப் பொத்தியபடி, தரையைப் பார்த்தபடி.

“எல்லாம் என்ரை போனிலை இருக்கு. பெரியம்மாவைப் பற்றி எழுதினது, கலியாணம் வேண்டாமெண்டது, எல்லாம். கேஸ் எண்டு போனா எல்லாரும் வாசிப்பினம். பொலிஸ், கோட்டு நீதவான், உங்கடை சனம் முழுக்க. யோசியுங்கோ அன்ரி. பெட்டைப் பிள்ளை.”

கஜானி முகத்தைத் தூண் பக்கம் திருப்பினாள். காலையிலிருந்து கட்டிக் கிடந்தவள் அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

கமலாவதி மகளைப் பார்த்தார். கோபிசங்கரைப் பார்த்தார். அவன் சின்ன வயதில் அவர் குசினியில் சாப்பிட்டவன். வாகீசனுக்கு அந்த முகத்திலிருந்து எதையும் வாசிக்க முடியவில்லை. ஊருக்குத் தெரியக்கூடாது என்று பையை அழுத்திப் பிடித்திருந்த முகம் அது. இவர் வேண்டாம் என்றால் வழக்கு இல்லை. இவன் நாளைக்கு அதே வளவுக்கு வந்துவிடுவான்.

“அந்த ரப் எங்கை?” என்றார்.

உதயகலா கொடுத்தாள்.

“இதிலை எங்கடை ஆக்கள் எல்லாரும் இருக்கிற இடம் எது?”

“வைபர், அன்ரி. உந்த ஊதாக் கலர்.”

“எங்கடை பெரியக்கா, இவளின்ரை பெரியம்மா, அவவும் அதிலைதானே?”

“இருக்கிறா. ரொறன்ரோ, பாரிஸ், எல்லாரும்.”

“அம்மா, வேண்டாம்,” என்றாள் கஜானி.

“நீ சும்மா இரு. கதைச்சு அனுப்புறதுக்கு எதை அமத்தவேணும்?”

உதயகலா வாகீசனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவள் கமலாவதியின் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தாள்.

“அமத்திப் பிடிச்சுக்கொண்டு கதையுங்கோ.”

கமலாவதி ஒரு கையால் மகளை அணைத்தபடி, ரப்பை வாயருகே கொண்டுபோனார். தூரத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கவேண்டும் என்பதுபோல் உரத்துச் சொன்னார்.

“எல்லாரும் கேளுங்கோ. கமலாவதி கதைக்கிறன். பெரியக்கா, நீயும் கேள். என்ரை பிள்ளை ஒருத்தனோடை கதைச்சவள். என்ன கதைச்சவள் எண்டு நானே சொல்லுறன்.”